சத்திரக்காரருக்கு என்ன சான்று வேண்டும்?

எங்கள் மருத்துவமனையைத் தாங்கிவரும் அன்பு நண்பர்களுக்கு,

கடந்த சில மாதங்களாக எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "எங்கள் ஊரில் ஓர் அம்மையார் ஏழெட்டு முதியோரைத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்து வருகிறார். அவரிடம் லைசென்ஸ் இல்லை என்கிறார்கள். அந்த இல்லத்துக்கு உதவலாமா, கூடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். "நல்ல மனதோடு செய்கிறவர்களை ஏன் தாள் தாளாகக் கேட்டு அலைக்கழிக்க வேண்டும்? இந்த விதிகளைத் தளர்த்தினால் என்ன?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. இரண்டுக்கும் சேர்த்து இவ்விதழில் எங்களால் இயன்ற அளவு விளக்கம் எழுதுகிறோம்.

கடற்கரையில் முதுமை

தூத்துக்குடியிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் தருவைகுளத்தை உங்களில் பலர் அறிவீர்கள். பருவலைப் படகுகளுக்குப் பேர்போன ஊர். இங்கிருந்து போகும் விசைப்படகுகள் அன்றே திரும்புவதில்லை. தங்குகடல் தொழிலுக்குப் போனவர்கள் கரையேறப் பல நாட்கள் ஆகும். 2024 ஆகஸ்டில் இவ்வூர் மீனவர் 22 பேர் இரண்டு படகுகளோடு இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அப்படி ஒரு செய்தி வரும்போது, வீட்டில் படுக்கையில் கிடக்கும் தாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் கை யாருடையது என்பதைச் செய்தித்தாள் எழுதுவதில்லை.

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அன்று கடலில் மூழ்கிய வாலிபர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். காது கேளாதவர், மூச்சு வாங்குகிறவர், மூட்டு மடங்காதவர் என்று அவர்களில் சிலர் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு இன்னும் வருகிறார்கள். மகன் கடலில் இருப்பான், அல்லது வளைகுடா நாட்டில் இருப்பான். மகள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். மருமகள் கருவாட்டுக் கூடையோடு விடியுமுன் புறப்பட்டுவிடுவாள்.

இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். 2021-க்கான மத்திய அரசின் மதிப்பீடு 13.6 விழுக்காடு, 2031-க்கு 18.2 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்தபடி முதியோர் பங்கு மிகுந்த மாநிலம் நம்முடையதே. பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் ஒரு முதியோர் இல்லம் தேவைப்படுவது இனி அதிசயமாக இராது. அதை யார் நடத்துவது என்பதுதான் கேள்வி.

ஓர் இரவு நடந்தது

எங்கள் மருத்துவமனைக்கு வந்துபோகும் தூரத்தில் அப்படி ஒரு சிறு இல்லம் இருக்கிறது. ஓட்டு வீடு, முன்னால் ஒரு வேப்பமரம், ஏழு ஆச்சிமார். நடத்துகிறவர் கணவரை இழந்த பெண்மணி. முறையான படிப்பு எட்டாம் வகுப்பு வரை. முதலில் தம் மாமியாரைப் பார்த்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் தாயாரையும் ஒப்படைத்தார்கள். இப்படியே ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். அங்கே போகும்போதெல்லாம் பாய் சுத்தமாக இருக்கும். தலை வாரி எண்ணெய் தேய்த்திருக்கும். யாரும் யாரையும் அதட்டிப் பேசும் சத்தம் கேட்காது.

ஒரு மழைக்கால நள்ளிரவில் அவர் ஓர் ஆச்சியை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். வியர்த்துக் கொட்டியிருந்தது, நினைவில்லை. இரத்தத்தில் சர்க்கரை 38-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, விடியும்போது கண் திறந்தார்கள். விசாரித்ததில், ஆச்சிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், கஞ்சி இறங்கவில்லை, ஆனால் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் வேளை தவறாமல் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும். உணவு இல்லாதபோது, இருக்கிற சர்க்கரையையும் இழுத்துக் கீழே தள்ளிவிடும். முதியவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். இன்னும் சில மணி நேரம் கடந்திருந்தால் ஆச்சி இல்லை.

அந்தப் பெண்மணி வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்து அழுதார். "நீங்கதான ஐயா, மாத்திரைய ஒரு நாளும் விடக் கூடாதுன்னு சொன்னிய?" என்று எங்களிடமே கேட்டார். உண்மை. நாங்கள்தான் சொன்னோம். சாப்பிடாத நாளில் என்ன செய்வது என்று சொல்லவில்லை. கையில் கொடுத்தனுப்பிய சீட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. பழியில் பாதிக்கு மேல் எங்களுடையது.

அந்த இரவு எங்களுக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. அன்பு மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது என்பது ஒன்று. அந்த அறிவைக் கொடுக்கக் கல்லூரி தேவையில்லை, ஒரு மாலை நேரம் போதும் என்பது மற்றொன்று. லைசென்ஸ் பற்றிய இந்த விவாதம் முழுவதும் இவ்விரண்டுக்கும் நடுவேதான் நிற்கிறது.

நம் சட்டம் கேட்பது என்ன?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கும் வழி இதில்தான் இருக்கிறது. இதன் 19-ஆம் பிரிவு, வழியற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லம் ஒன்றை மாவட்டத்துக்கு ஒன்றாகத் தொடங்கிப் படிப்படியாக மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. இல்லங்களை எத்தரத்தில் நடத்துவது என்று விதி வகுக்கும் பொறுப்பையும் மாநிலத்துக்கே தருகிறது. தமிழ்நாடு தன் விதிகளை 2009-ல் வெளியிட்டது. இன்று தனியார், தொண்டு நிறுவன இல்லங்கள் மாவட்டச் சமூகநல அலுவலகம் வழியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

2019 டிசம்பரில் இச்சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா மக்களவையில் கொண்டுவரப்பட்டது. எல்லா முதியோர் இல்லங்களுக்கும் பதிவும் குறைந்தபட்சத் தரமும் கட்டாயம் என்றது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள், பயிற்சி பெற்றவரையும் காவல்துறை விசாரணை முடிந்தவரையும் மட்டுமே அனுப்ப வேண்டும் என்றது. நல்ல யோசனைகள். ஆனால் அது நிறைவேறாமல், 2024-ல் மக்களவை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது.

இங்கே நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் லைசென்ஸ் என்பது பெரும்பாலும் கட்டடத்துக்கே உரியது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று இல்லம் நடத்துவோர் கையில் ஏந்தி அலையும் தாள்கள் எல்லாம் சுவரையும் படிக்கட்டையும் பற்றியவை. அவை வேண்டாதவை அல்ல. தீப்பிடித்தால் படுக்கையாளரால் ஓட முடியாது. ஆனால் இல்லத்தை நடத்துகிற ஆளுக்கென்று தனியாக ஒரு தேர்வோ உரிமமோ நம்மிடம் இல்லை. படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, சாப்பிடாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று அவரைக் கேட்பார் இல்லை. எங்கள் பெண்மணியிடம் இருந்த குறை அதுதான். ஓட்டுக் கூரைக்குச் சான்று கேட்பவர்கள் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மேல்நாட்டில் நடந்தது

இல்லத்தை நடத்துகிறவருக்கே உரிமம் வேண்டும் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் உண்டு. 1967-ல் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, அரசுப் பணத்தில் நோயாளிகளை வைத்திருக்கும் செவிலியர் இல்லங்களின் நிர்வாகிகளுக்கு ஒவ்வொரு மாநிலமும் உரிமம் வழங்கும் முறையை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. ஆனால் அதைவிட இலகுவான இல்லங்களும் அங்கே உண்டு. குளிக்க, உடுக்க, மருந்து உண்ண மட்டும் துணை வேண்டிய முதியோர் அவற்றில் தங்குவார்கள். இவற்றை நடத்துவோருக்கு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஆள் கிடைக்கவில்லை, சிறு இல்லங்கள் மூடப்படுகின்றன, ஆகவே தகுதியைக் குறையுங்கள் என்ற குரல் அங்கே அடிக்கடி எழுகிறது.

2013 அக்டோபரில் கலிபோர்னியாவின் காஸ்ட்ரோ வேலி என்ற ஊரில் நடந்ததை நண்பர்கள் அறிய வேண்டும். அங்கிருந்த ஓர் இல்லத்தை மூடும்படி மாநில அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். சம்பளம் நின்றதும் ஊழியர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பதினாறு முதியோர் போக்கிடமின்றி உள்ளேயே இருந்தார்கள். சமையற்காரர் ஒருவரும் துப்புரவு வேலை பார்த்த ஒருவரும் மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. சம்பளம் இல்லாமல், தீயணைப்புத் துறையும் காவல்துறையும் வந்து பொறுப்பேற்கும்வரை, சில நாட்கள் இரவும் பகலும் இருந்து உணவும் மருந்தும் கொடுத்தார்கள்.

"பார்த்தீர்களா, உரிமம் உள்ளவர் ஓடினார், இல்லாதவர் நின்றார்" என்று சொல்லத் தோன்றும். அது உண்மைதான். ஆனால் அதே மாநிலம் அந்தச் சம்பவத்திலிருந்து விதியைத் தளர்த்தும் முடிவுக்கு வரவில்லை. 2014-ல் புதுச் சட்டங்கள் இயற்றியது. அத்தகைய இல்ல நிர்வாகிகளின் ஆரம்பப் பயிற்சியை 40 மணி நேரத்திலிருந்து 80 மணி நேரமாக 2016 முதல் உயர்த்தியது. ஏன்? சமையற்காரரின் மனம் எவ்வளவு பெரிதானாலும், பதினாறு பேரின் மருந்து அலமாரிச் சாவியை என்றென்றைக்கும் அவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. அவருக்கே அது அநியாயம்.

தளர்த்த வேண்டிய காலங்களும் உண்டு. 2020-ல் கொரோனா பரவியபோது, பயிற்சிச் சான்று இல்லாத உதவியாளர் நான்கு மாதத்துக்கு மேல் செவிலியர் இல்லங்களில் வேலை செய்யக் கூடாது என்ற விதியை அமெரிக்க அரசு தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. ஆள் இல்லாமல் முதியோர் பட்டினி கிடப்பதைவிட அது மேல். 2022-ல் அத்தளர்வு முடிவுக்கு வந்தது; சேர்ந்தவர்கள் பயிற்சியை முடித்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டார்கள். அவசரத்துக்குத் திறந்த கதவை அவசரம் தீர்ந்ததும் சாத்தினார்கள்.

தளர்த்தியதால் நன்மை விளைந்த கதை

விதியைத் தளர்த்துவதே தவறு என்று நாங்கள் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தபோது, புற்றுநோயாளிகளின் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினும் அதில் அகப்பட்டுக்கொண்டது. பல துறைகளிடம் பல உரிமங்கள் வாங்கி, எல்லாம் ஒரே சமயத்தில் காலாவதியாகாமல் இருந்தால்தான் மருந்து கைக்கு வரும். மருத்துவமனைகள் சலித்து விட்டுவிட்டன. நாட்டில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் 1985-ல் 573 கிலோ. 1997-ல் அது 18 கிலோவாகச் சுருங்கியது. அந்த ஆண்டுகளில் வலியில் கதறி மாண்டவர்களை நாங்களும் பார்த்தோம். ஜெபிப்பதைத் தவிர எங்கள் கையில் வேறொன்றும் இருக்கவில்லை.

2014-ல் அச்சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு, பல துறைகளிடம் அலைவதற்குப் பதிலாக, மாநில அளவில் ஒரே அதிகாரியிடம் மருத்துவமனை அங்கீகாரம் பெற்றால் போதும் என்றாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை அப்படியே நின்றது: வலி நீக்கும் மருத்துவத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் அங்கே இருக்க வேண்டும், மருந்துக் கணக்கு எழுத வேண்டும். தாள்களைக் குறைத்தார்கள், பயிற்சியைக் குறைக்கவில்லை. முதியோர் இல்லங்களுக்கும் இதுவே நல்ல வழி என்பது எங்கள் எண்ணம்.

எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தலாகாது?

ஆதித் திருச்சபையில் விதவைகளின் அன்றாட உணவுப் பங்கீட்டில் முறுமுறுப்பு எழுந்தபோது, அதைக் கவனிக்க ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டதை நாம் அறிவோம். அவர்களிடம் பட்டம் எதுவும் கேட்கப்படவில்லை. ஆனால் யாரானாலும் போதும் என்றும் விடப்படவில்லை. நற்பெயரும் ஞானமும் உள்ளவர்களா என்று ஊரார் அறியப் பார்த்தார்கள். அந்த அளவுகோல் இன்றைக்கும் பழுதானதல்ல.

ஆகவே, தளர்த்தலாம் என்று நாங்கள் நினைப்பவை:

பட்டப்படிப்புத் தகுதி கேட்பதானால், பத்தாண்டு பராமரித்த அனுபவத்தை அதற்கு ஈடாக ஏற்கலாம். பத்துப் பேருக்குக் குறைந்த வீட்டு இல்லத்துக்கும் நூறு பேர் இல்லத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டாம். சான்றுகளை ஒரே அலுவலகத்தில் ஒரே மனுவில் வாங்க வழி செய்யலாம். குறை கண்டால் உடனே பூட்டுப் போடாமல், சரிசெய்ய ஆறு மாதமோ ஓராண்டோ தவணை கொடுக்கலாம். பயிற்சியும் தேர்வும் தமிழில், வாய்மொழியாகவும் நடக்கலாம்.

தளர்த்தலாகாதவை:

மருந்து, படுக்கைப்புண், கீழே விழுதல், உணவு புரையேறுதல், ஞாபகமறதி நோய் ஆகியவற்றில் நேரடிப் பயிற்சி வேண்டும். நடத்துகிறவரின் நடத்தை பற்றிய காவல்துறை விசாரணை வேண்டும். முதியோரின் ஓய்வூதியம், நகை, கைரேகை வைத்த தாள்கள் ஆகியவற்றுக்குப் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு மரணமும் பதியப்பட வேண்டும். முன்னறிவிப்பில்லாத சோதனை வேண்டும். இவற்றில் எதுவும் அதிகப் பணம் கேட்பதல்ல. தவறு செய்யாதவர் எவரும் இவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பயிற்சிக்கு வழியில்லாமலும் இல்லை. மத்திய அரசின் தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் குறுகிய காலச் சான்றிதழ் முதல் ஓராண்டுப் பட்டயம் வரை நடத்தி வந்திருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கியது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறக்கப்பட்டது. தருவைகுளத்திலிருந்து கிண்டி வெகுதூரம். அந்த அறிவைக் கடற்கரைக்குக் கொண்டுவருவது எங்களைப் போன்ற சிறு மருத்துவமனைகளின் கடமை.

உதவுமுன் கேட்க வேண்டியவை

இனி முதல் கேள்விக்கு வருவோம். பதிவில்லாத இல்லத்துக்கு உதவலாமா? பதிவுக்கு மனுச் செய்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் முதல் உதவி அந்த மனுவை எழுதிக் கொடுப்பதாக இருக்கட்டும். பின்பு நேரில் போய் இவற்றைப் பாருங்கள்:

1. முன்கூட்டிச் சொல்லாமல் போனால் உள்ளே விடுகிறார்களா?
2. மருந்துகள் ஆள்வாரியாகப் பெயர் எழுதி இருக்கின்றனவா? "இவர் இன்று சாப்பிடவில்லை, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பதில் வருகிறதா?
3. படுத்த படுக்கையாய் இருப்பவரின் முதுகையும் இடுப்பையும் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள்?
4. இரவில் விழித்திருப்பவர் யார்? அவசரத்துக்கு எந்த டாக்டர், எந்த வண்டி?
5. முதியவர் தம் பிள்ளையோடு தனியாகத் தொலைபேசியில் பேச முடிகிறதா?

இவற்றுக்கு நல்ல பதில் வந்தால், தாள்கள் வந்து சேரும்வரை கைவிடாதீர்கள். பதில் வராவிட்டால், சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

முடிவாக

அந்த வேப்பமரத்து வீட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிப்பது சரியல்ல. அந்தப் பெண்மணி எங்கள் வார்டில் ஆறு வாரம், வாரம் இரண்டு மாலை வந்து செவிலியரோடு நின்று கற்றுக்கொண்டார். சர்க்கரை பார்க்கும் கருவி இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. நாங்கள் கொடுக்கும் சீட்டுகளும் பெரிய தமிழ் எழுத்தில் இருக்கின்றன. "சாப்பிடாத நாளில் இந்த மாத்திரை வேண்டாம்" என்று சிவப்பில் எழுதுகிறோம். அந்த ஆச்சி இன்னும் திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை விசாரிக்கிறார்கள். ஆனால் பதிவு முடியவில்லை. பழைய ஓட்டுக் கூரைக்குக் கட்டட உறுதிச் சான்று கிடைக்கவில்லை. பின்பக்கம் ஒரு வாசல் வைத்து, கூரையைச் சீராக்கினால் கிடைக்கலாம் என்று பொறியாளர் சொல்லியிருக்கிறார். வந்து பார்த்த அதிகாரி கனிவானவர். ஆனாலும் விதி விதிதான். தவணை முடிவதற்குள் வேலை முடியாவிட்டால் ஏழு பேரும் ஏழு திக்குக்குப் போக வேண்டிவரும். அவர்களில் மூவருக்குப் போக வீடே இல்லை.

காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியனை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அந்தச் சத்திரக்காரனைப் பற்றிப் பேசுவது குறைவு. அவன் என்ன படித்தவன் என்று நமக்குத் தெரியாது. சமாரியன் அவனிடம் பணத்தைக் கொடுத்தான்; ஆனால் கொடுத்ததோடு போய்விடவில்லை. திரும்பி வருவேன், அதிகம் செலவானால் அப்போது தருவேன் என்று சொல்லிப் போனான். கொடுத்தவன் திரும்பி வந்து பார்ப்பான் என்பது சத்திரக்காரனுக்குத் தெரியும். எந்த உரிமத்துக்கும் உயிர் அதில்தான் இருக்கிறது. நண்பர்களே, நீங்கள் கொடுங்கள். திரும்பி வந்தும் பாருங்கள்.

மருத்துவமனைப் போதகர்